மஞ்சள் டேப்பின் காது

ஏப்ரல் 2

இன்று சென்சார் பேசிவிட்டது! சாப்பாட்டு மேசையில், புளிக்குழம்புச் சட்டிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். லேப்டாப் திரையில் எண்கள் வரிசையாக வந்தன. சூடு முப்பத்தொன்று, ஈரம் நாற்பத்தெட்டு. சென்சார்மேல் வாயை வைத்து ஊதினேன், ஈரம் எகிறியது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இத ஊதித்தான் தெரிஞ்சுக்கணுமா? எனக்கு வேர்க்கிறது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாளை பட்டுப்புழு வருகிறது. போன இரண்டு பேட்சும் ஒரே மாதிரித்தான் போயின. நானும் அத்தையும் தோட்டத்தில் மல்பெரி இலை அறுத்துக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில் புழு மனை சூடேறி, ஈரம் வற்றி, புழுக்கள் சுருண்டுவிட்டன. இந்தத் தடவை சென்சார் மனைக்குள் தொங்கும். அது அளப்பதை வயர் வழியாக முன்னறையில் இருக்கும் என் போர்டுக்குச் சொல்லும். ஈரம் குறைந்தால் போர்டு தானாகவே தண்ணீர்த் தூவும் மெஷினைப் போட்டுவிடும். ஓசூர் கம்பெனியில் ஆறு வருஷம் போர்டு சோதித்தவள் நான், இது எனக்கு ஒரு வேலையா?

என் வீட்டுக்காரர் மாதேஷ் ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தார். "இந்த பேட்சும் போச்சுன்னா மனையப் பூட்டிரலாம் கோகிலா. கத்தார்ல வயர்மேன் வேலை ரெடியா இருக்கு. ரெண்டு வருஷம்தான். இருபதாந்தேதிக்குள்ள ஏஜென்ட் பாஸ்போர்ட்டக் கேக்குறாரு."

போகட்டுமே. எனக்கென்ன வந்தது?

ஏப்ரல் 3

புழு வந்துவிட்டது. நறுக்கிய இலையைத் தூவினோம். வாசலில் சுண்ணாம்பு போட்டாயிற்று.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். கரண்ட் போனாலும் நிற்கக்கூடாது என்று சென்சாருக்கு இன்வெர்ட்டர் லைன். தண்ணீர் மெஷினை இன்வெர்ட்டர் தாங்காது, அதனால் அதற்கும் போர்டுக்கும் சாதா ஈ.பி. லைன். போர்டு ஒரு போன் சார்ஜரில் ஓடுகிறது. சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவே பேச்சுக்கு ஒரு பச்சை வயர், ஒரு மஞ்சள், இரண்டின் மைனஸையும் சேர்க்க ஒரு கறுப்பு. போர்டிலுள்ள சின்னத் திரையில் எண்கள் அழகாக வந்தன.

வயர்கள் கொடி மாதிரி தொங்கியதைப் பார்த்து மாதேஷுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் சுவரோடு பிளாஸ்டிக் கேசிங் அடித்து, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டார். சென்சாருக்குக் கரண்ட் கொடுக்கும் இரும்புப் பெட்டிக்கு எர்த்தும் கொடுத்தார், அதன் மைனஸ் உள்ளே பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது. அவர் வேலை எப்போதும் அப்படித்தான். இன்சுலேஷன் டேப் சுற்றினால்கூட முனையைச் சின்னக் காது போல மடித்து விடுவார். நாளைக்குப் பிரிக்கிறவனுக்கு நகம் தேயக்கூடாதாம். கடை வீதியில் வேறு எந்த வயர்மேனும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முடித்துவிட்டு, "பாஸ்போர்ட் பீரோவுலதான இருக்கு?" என்று கேட்டார். அதன் பிறகும் வயரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4

காலையில் போய்ப் பார்த்தால் திரை முழுக்கக் குப்பை. தலைகீழ்க் கேள்விக்குறி, கட்டம், எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. அட கர்மமே.

போர்டும் சென்சாரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும், வேகம் பிசகினால் இப்படித்தான் உளறும். லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் சார்ஜரைச் சொருகி, போர்டை அதில் மாட்டி, புரோகிராமில் வேகத்தை மாற்றி எழுதினேன். சரியாக வரவில்லை. பழைய வேகத்தையே திருப்பி எழுதினேன். எண்கள் பளிச்சென்று வந்துவிட்டன! முதலில் எழுதும்போது ஏதோ கெட்டிருக்கிறது போல. லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு, போர்டைப் போன் சார்ஜரில் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5

மறுபடியும் குப்பை. மறுபடியும் லேப்டாப். மறுபடியும் சரி.

சாயங்காலம் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று மாதேஷ் வீட்டைப் புரட்டினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பீரோ, டிரங்குப் பெட்டி, கல்யாண ஆல்பம், வண்டி சீட்டுக்கு அடியில் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கும் இல்லை. "எங்கியாவது இருக்கும், பதறாதீங்க" என்றேன்.

அத்தைக்கு முதுகு வலி. இனிமேல் அரிசி நானே அளந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7

புழு மூன்றாவது தோலுரிப்பில் இருக்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், இலை போடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. ஆகவே நாள் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். காலையிலிருந்து மாலை வரை ஒரு எண்கூடப் பிசகவில்லை. நான் எழுந்து கழற்றி வைத்துவிட்டு வந்ததும் உளற ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் போன் சார்ஜர்தான் திருடன். சந்தைப்பேட்டையில் வாங்கிய மலிவுச் சரக்கு. நாளை நல்லதாக மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 8

மாற்றினேன். குப்பை.

ஏப்ரல் 9

மாதேஷின் சார்ஜர், அத்தையின் சார்ஜர், பக்கத்து வீட்டு நாகம்மாவின் சார்ஜர். குப்பை, குப்பை, குப்பை.

பச்சையையும் மஞ்சளையும் இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போது உளறல்கூட வரவில்லை, செத்த அமைதி. திருப்பி மாட்டினேன். போர்டையே மாற்றினேன். என் பழைய போர்டு ஒன்று இருந்தது, அதிலும் இதே கதை. கறுப்பு போர்டில் நன்றாக முறுக்கி இருக்கிறது. சென்சார் பக்கமும் போய்ப் பார்த்தேன், அங்கும் இருக்கிறது. தலை சுற்றுகிறது.

அத்தை ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார். "நீ பக்கத்துல இருந்தா நல்லாருக்கு, எந்திரிச்சா கெட்டுப்போவுது. உன்னத் தேடுது போல." மாதேஷ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 10

நேற்று மாலை லேப்டாப்போடு ஓட்டியபோது நன்றாக வந்ததை நம்பி, இன்று மத்தியானம் லேப்டாப்பை அதிலேயே விட்டு, ஆளில்லாதபோது கரண்ட் போய் வந்தால் ஆபத்தென்று சார்ஜரை மட்டும் பிடுங்கிவிட்டு, இலை அறுக்கப் போனேன். முட்டாள்தனம். போர்டு குப்பையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது, தண்ணீர் மெஷின் ஓடவேயில்லை. திரும்பி வந்தபோது மேல் தட்டில் இலையெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. ஓரத்துப் புழுக்கள் வாடி, தொட்டால் அசங்கவில்லை. ஒரு முறம் நிறையப் பொறுக்கிச் சுண்ணாம்புக் குழியில் போட்டேன்.

மாதேஷ் குழியை எட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி நானே மத்தியானம் முழுக்க லேப்டாப்போடு உட்காருவது என்று முடிவு. அத்தை தனியாகத்தான் இலை அறுக்க வேண்டும். புழு பெரிதாகப் பெரிதாக அது நடக்கிற காரியமில்லை என்று எனக்கே தெரியும்.

ஏப்ரல் 12

இன்று நான் உட்கார்ந்திருக்கும்போதே கெட்டுவிட்டது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. வழக்கம்போல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி வைத்தேன். கரண்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி வரும், பிளக் சொருகியே இருக்கக்கூடாது என்பது மாதேஷ் இந்த வீட்டில் போட்ட சட்டம். லேப்டாப் பேட்டரியில் ஓடியது, இன்வெர்ட்டரில் சென்சார் ஓடியது. திரையில் குப்பை. ஆக, கரண்ட் போனால் கெடுகிறது. ஆனால் மற்ற நாட்களில் கரண்ட் இருக்கும்போதும் கெட்டதே? ஒன்றும் புரியவில்லை. ஆறு வருஷம் என்னதான் சோதித்தேனோ.

ஏப்ரல் 13

நான் மனையில் இருந்ததால் மாதேஷே சோறு வடித்து வைத்திருந்தார். குழைந்துபோன சோறு. அரிசி டிரம்மை யார் திறந்தது என்று கேட்டேன்.

"அரிசி வேற எங்க இருக்கும்?" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் அதிகம்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வடை, பாயசம். புழு நாலாவது தோலுரிப்பில் நிற்கிறது. இது முடிந்தால் கடைசிக் கட்டம், அசுரப் பசியில் தின்னும். அந்த ஒரு வாரம் தாண்டிவிட்டால் கூடு கட்டிவிடும்.

ஏஜென்ட் போன் செய்தார். மாதேஷ் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாயசத்தில் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். இரண்டு பேரும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஏப்ரல் 15

புழு விழித்துவிட்டது. இலை போடப் போட மழை பெய்வதுபோல் சத்தம், கண்முன்னால் காணாமல் போகிறது. மாதேஷ் வேலைக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு அத்தையோடு இலை அறுக்க இறங்கிவிட்டார். கத்தார் போகிறவருக்கு இலை அறுப்பதில் இவ்வளவு உற்சாகம் எதற்கோ.

மூன்று மணிக்கு அவர் போனைச் சார்ஜ் போட வேண்டும் என்றார். இருக்கிற ஒரே பிளக்கில் லேப்டாப் சார்ஜர் இருந்தது. பிடுங்கிக் கொடுத்தேன். கரண்ட் இருக்கிறது, லேப்டாப் ஓடுகிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன், திரையில் குப்பை! அவர் போனைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் சொருகினேன். எண். பிடுங்கினேன். குப்பை. சொருகினேன். எண்.

"என் போன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

சென்சாருக்கும் என் லேப்டாப் சார்ஜருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் நடுவில் ஒரு வயர்கூடக் கிடையாதே! பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 16

ஓசூரில் என்னோடு வேலை பார்த்த ஷாகிராவுக்குப் போன் போட்டேன். அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உன் லேப்டாப் சார்ஜர் ரெண்டு முள்ளா, மூணு முள்ளாடி?" என்றாள்.

"மூணு."

"போன் சார்ஜர்?"

"ரெண்டு."

"லூசு. மூணாவது முள்ளு எர்த்து. சென்சாருக்கும் எர்த் குடுத்துருக்கேங்கிற. அது வழியா சுத்திக்கிட்டுப் போய்ப் பேசிக்கிட்டிருக்கு. சொருகலேன்னா ரெண்டு மைனஸும் சேரல."

"சேத்துருக்கேண்டி. கறுப்பு வயர். ரெண்டு பக்கமும் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தியா, மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

பச்சைக்கும் மஞ்சளுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். கறுப்புக்கு வைக்கவில்லை. இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரிந்தது, நடுவில் இருப்பது மாதேஷ் அடித்த கேசிங். அவர் செய்த வேலையைச் சந்தேகப்படுவதற்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மீட்டரை வைத்தேன். வயர் முழுசாக இருந்தால் பீப் என்று கத்த வேண்டும், கத்தவில்லை.

ஸ்க்ரூடிரைவரால் கேசிங்கை நெம்பித் திறந்தேன். கறுப்பு வயர் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. அறுந்துபோனதல்ல, எலி கடித்ததும் அல்ல. கட்டிங் பிளேயரால் நேராக வெட்டி, இரண்டு முனையையும் தனித்தனியாக மஞ்சள் டேப்பால் சுற்றி, டேப்பின் நுனி சின்னக் காதாக மடிக்கப்பட்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை வந்து என்னம்மா என்றார். தலைவலி என்றேன்.

வேண்டுமென்றே செய்திருக்கிறார். பேட்ச் போகட்டும், மனையைப் பூட்டட்டும், அவர் விமானம் ஏறட்டும் என்றுதான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஆனால் அப்படியானால் லீவு போட்டு இலை அறுப்பது ஏன்? கையெல்லாம் கீறல், மல்பெரிப் பால் கறை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயரைச் சேர்க்கவும் தோன்றவில்லை. லேப்டாப்பைச் சொருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகையாக வந்தது.

ஏப்ரல் 17

காலையில் முதல் தட்டுக்கு இலை போட்டு முடித்ததும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இத நீங்கதான வெட்டுனீங்க?"

"ஆமா." சாதாரணமாகச் சொன்னார். "அன்னைக்கே சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"கேசிங் அடிச்சப்பதான். கறுப்ப மட்டும் தனியாப் பிரிச்சு விட்டுருக்கேன், அது ஆபத்து, பாத்துக்கன்னு சொன்னேன். நீ மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு உள்ள போயிட்ட."

"என்ன ஆபத்து?"

"என்ன ஆபத்தா? சென்சார் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு, போர்டு ஈ.பி. லைன்ல இருக்கு. ரெண்டு நியூட்ரலையும் கொண்டாந்து ஒண்ணாக் கட்டலாமா? இன்வெர்ட்டரே எரிஞ்சிரும். லைன் கட்டுன நாள்லருந்து எங்கூட வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் மொதல்ல சொல்றதே அதுதான். கறுப்பப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஈரத் தரை, நீ செருப்புகூடப் போடாம நின்னு அதுல கை வெக்கிற."

நான் கத்துவதற்குத் தயாராக வந்திருந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போய்விட்டது. வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். பதினைந்து வருஷமாக அவர் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். இது அடாப்டர் தாண்டி வந்த சின்ன வோல்டேஜின் மைனஸ் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. அவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை.

விளக்கினேன். "இது நியூட்ரல் இல்லைங்க. ஒண்ணும் பண்ணாது. ரெண்டோட மைனஸும் ஒண்ணா இருந்தாத்தான் எது சிக்னல், எது சும்மான்னு போர்டுக்குத் தெரியும்."

"அப்ப இத்தன நாளா உளறுனது என்னாலயா?"

"நீங்க எர்த் குடுக்காம விட்டுருந்தா அது எப்பவுமே உளறியிருக்கும், நானும் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பேன். ஒழுங்கா வேல செஞ்சதுதான் தப்பு."

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "நீங்க கத்தார் போறதுக்காக வேணும்னே கெடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா நெனச்ச?" என்றார். அவ்வளவுதான். போய்ப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்தார். இரண்டு முனையிலும் வைத்து, விளக்கு எரியவில்லை என்பதைத் தானே பார்த்துக்கொண்டார். பிறகு காதைப் பிடித்து டேப்பைப் பிரித்து, இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, புது டேப் சுற்றி, நுனியை மடித்து விட்டார். தன் செருப்பைக் கழற்றி என் காலருகே தள்ளிவிட்டார், "இருந்தாலும் போட்டுக்க" என்றார்.

லேப்டாப்பைக் கழற்றினேன். போன் சார்ஜரில் போர்டு ஓடியது. திரையில் எண் நின்றது. வெளியே போனேன், வந்தேன், நின்றது. மத்தியானம் மூன்று பேரும் இலை அறுத்துவிட்டு வரும்போது மனைக்குள்ளிருந்து தண்ணீர் மெஷினின் சீறல் தானாகக் கேட்டது. அத்தை நின்று கேட்டுவிட்டு, "உள்ள யாரு?" என்றார்.

ஏப்ரல் 18

அப்படியா நெனச்ச, அப்படியா நெனச்ச என்று காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. உண்மையில் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

அத்தை கோவிலுக்குப் போனதும் அரிசி டிரம்மைத் திறந்தேன். கையை அடிவரைக்கும் விட்டேன். எடுத்து அவர் முன்னால் வைத்துவிடுவது, போவதும் இருப்பதும் அவர் பாடு என்று முடிவு செய்துதான் போனேன்.

நான் வைத்தபோது அது வெறும் பாஸ்போர்ட். இன்று கையில் வந்தது வேறு மாதிரி இருந்தது. தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்துப்பூச்சி வராமல் இரண்டு வேப்பிலையும் வைத்து, வாயை மஞ்சள் டேப்பால் ஒட்டியிருந்தது. டேப்பின் நுனியில் ஒரு சின்னக் காது.

பதிமூன்றாந்தேதி அவர் வடித்த அந்தக் குழைந்த சோறு! ஐந்து நாளாக வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷர்.

காதைப் பிடித்து இழுக்கப் போனேன். இழுக்கவில்லை. இருந்த இடத்திலேயே ஆழமாகத் தள்ளி, மேலே அரிசியை மேடாக்கி மூடிவிட்டேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 20

புழு கண்ணாடி மாதிரி மஞ்சளாகிவிட்டது. காலையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிக் கூடு கட்டும் வலையில் விடுகிறோம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி நூலை இழுக்க ஆரம்பித்துவிட்டன. இந்த பேட்ச் நிற்கும். முழுசாக இல்லை, மேல் தட்டில் போனது போனதுதான். ஆனால் நிற்கும். திரையில் ஈரம் அறுபத்தைந்து.

பதினொரு மணிக்கு ஏஜென்ட் போன் செய்தார். மாதேஷ் இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்திலேயே, சுவரில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"இல்லண்ணே, இன்னும் கெடைக்கல. வீடு பூராப் பொரட்டியாச்சு... ஆமாண்ணே, இன்னைக்குத்தான் கடைசின்னு தெரியும்... வேற ஆள அனுப்பிக்குங்க. மன்னிச்சிருங்கண்ணே."

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கதான் போச்சுன்னே தெரியல கோகிலா."

"நானுந்தான் எல்லா எடத்துலயும் தேடிப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மனைக்குப் போனார். நான் உலை வைத்தேன்.